மச்சானுக்குத் திருப்பிக் கொடுத்த இறால்

மார்ச் 3, வெள்ளி

இன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்து உப்புநீர் ஜீவராசிகள் அனைத்தும் சாட்சியாக, சவுரிராஜனாகிய நான் என் மனைவியின் தம்பி தில்லைநாதன் மீது போர் அறிவித்தேன். அறிவிப்பைக் கேட்டவர்கள்: என் மனைவி மங்களம், ஒருத்தி. அவள் "தோசை ஆறுது" என்றாள்.

காரணத்தை வருங்காலச் சந்ததிக்காக எழுதி வைக்கிறேன்.

என் கூடத்தில் ஒரு கடல் இருக்கிறது. ஆறடி நீளம், தொள்ளாயிரம் லிட்டர். அதைத் தொட்டி என்று சொல்கிறவனோடு நான் பேசுவதில்லை. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் இழுவைப்படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய இதே கையால் குழாய் போட்டு, பம்பு மாட்டி, பதினோரு வருஷமாகக் காப்பாற்றி வருகிற கடல். அதன் நடுவே மணல்மேட்டில் வீற்றிருப்பவள் மகாராணி. ராட்சதச் சிப்பி. வாங்கும்போது என் கட்டைவிரல் நீளம். இன்று ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு. அவள் வாய் திறந்தால் உள்ளே தெரிகிற நீலத்தைப் பார்த்துவிட்டு, மயில்கள் தோகையை விலைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி.

அந்த மகாராணியின் ஓட்டு விளிம்பில் இன்று ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. நகத்தளவு.

மூன்று வாரமாகவே கூடத்தில் ஒரு சத்தம். 'டக்.' யாரோ மோதிரவிரலால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி. நத்தைகள் ஓடு நொறுங்கிக் கிடந்தன. நண்டு ஒன்று காலை மட்டும் விட்டுவிட்டுக் காணாமல் போனது. காலையில் கவின்மொழி வந்தாள். மச்சானின் மகள், மருந்துக்கடையில் வேலை, என் கடலின் ஆஸ்தான வைத்தியர். கைப்பேசியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து அரைமணி நேரம் படம் எடுத்தாள்.

"மாமா, மான்டிஸ் இறால். விரல் நீளந்தான் இருக்கு. ஆனா குத்து விட்டா ஓடு ஒடைஞ்சிரும். ஏதோ கல்லுக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கு."

"எந்தக் கல்லுக்குள்ள?"

"அது எனக்கு எப்படி மாமா தெரியும்?"

அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஜனவரியில் என் அறுபதாம் கல்யாணத்துக்கு மச்சான் ஒரு கல் பரிசளித்தான். சிவப்பு ரிப்பன் கட்டி. வெள்ளைவெளேரென்று, அப்பளம் போலக் காய்ந்து, பூசணிக்காய் அளவு இருந்தும் கனமே இல்லாமல். "அத்தான், மூணு மாசம் வெயில்ல காயப்போட்டது. உள்ள ஒரு பூச்சி பொட்டு இருக்காது" என்றான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். குற்றமற்றவன் எதற்காகப் பூச்சியைப் பற்றிப் பேசுகிறான்?

(அதே வாரம் போர்ட் டிக்சன் கடலோரத்தில் நான் பொறுக்கி வந்த சின்ன ஓட்டைக் கல் ஒன்றும் உள்ளே போனது உண்மைதான். அது அநாதைப் பிள்ளை. ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதைச் சந்தேகிப்பது பாவம்.)

மச்சான் ஏன் செய்தான்? அவன் பல் டாக்டர். கிளினிக்கின் முன்கூடத்தில் எட்டடித் தொட்டி வைத்திருக்கிறான். போன வருஷம் எங்கள் கடல்மீன் வளர்ப்போர் சங்கத்துக் கண்காட்சியில் மகாராணிக்கு முதல் பரிசு, அவன் பவளத்துக்கு இரண்டாவது. அன்று கைகுலுக்கியபோது அவன் சிரித்த சிரிப்பில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. அத்தனை பல் தெரிகிற சிரிப்பு சிரிப்பே இல்லை.

தீர்ப்பு: இறாலை உயிரோடு பிடிப்பது. அவன் எட்டடியில் விடுவது.

மார்ச் 4, சனி

பொறி தயார். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே சந்தையில் வாங்கிய இறால். இறாலுக்கு இறாலே தூண்டில். சாணக்கியம்.

கடலுக்குப் பக்கத்தில் என் சாய்வு நாற்காலியைப் போட்டுக் கண்காணிப்புக் கோபுரம் அமைத்தேன். இடம் போதவில்லை. அங்கே இரண்டு நீல டிரம்கள், பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். கடலில் தினமும் ஒரு பெரிய வாளி ஆவியாகப் போகும், உப்பு போகாது, அதனால் நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்றி நிரவ வேண்டும். உப்புத் தண்ணீர், வாரம் ஒருமுறை பழையதை இறைத்துவிட்டுப் புதிதாக மாற்றுவதற்கு. சுவரோரம் இருந்த டிரம்மைப் பின்கட்டுக்குத் தள்ளி, மற்றதைச் சுவரோரம் நகர்த்தினேன். பிறகு வழக்கம்போல் சுவரோர டிரம்மிலிருந்து ஒரு வாளி ஊற்றினேன். பதினோரு வருஷப் பழக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

மார்ச் 5, ஞாயிறு

தூண்டில் இறாலைக் காணோம். வால் மட்டும் இருக்கிறது, பாட்டிலுக்கு வெளியே.

மார்ச் 8, புதன்

மூன்றாவது பொறியும் தோல்வி. அவனுக்குக் குத்தன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பாட்டிலைக் குத்திக் கிழித்துவிட்டு, கல்லின் வாசலில் நின்று என்னைப் பார்க்கிறான். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழல்கின்றன. ஒன்று என்னை அளக்கிறது, மற்றது மங்களத்தை.

"பிடிச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"அனுப்பியவனுக்கே அனுப்புவேன்."

"தம்பி அனுப்புன கல்லு எலும்பு மாதிரி காஞ்சுல்ல வந்துச்சு? நாந்தானே ரிப்பன அவுத்தேன்."

"உன் தம்பிக்கு நீ வக்கீல்."

"போர்ட் டிக்சன்லேருந்து நீங்க மடியில வச்சுக் கொண்டாந்தது?"

போர்க்காலத்தில் எதிரியின் உறவினரோடு தகவல் பரிமாறக் கூடாது என்பது விதி.

மார்ச் 11, சனி

கவின் உப்புத் தண்ணீர் கலக்க வந்தாள். கலக்கி முடித்து நெற்றியைச் சுருக்கினாள்.

"மாமா, உப்புத் தண்ணி டிரம் பாதிக்கு மேல காலி. தண்ணி மாத்துனீங்களா?"

"போர் நடக்கும்போது தண்ணீர் மாற்றுகிற ராஜாவை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?"

"அப்ப எங்க போச்சு?"

"உங்கப்பனைக் கேள்."

மச்சான் மாலையில் தொலைபேசியில் அழைத்தான். இருபத்தாறாம் தேதி ஞாயிறு அவன் கிளினிக்கில் சங்கத்தார் எல்லாரும் கூடி எட்டடியைப் பார்க்கிறார்களாம். "அத்தான் கண்டிப்பா வரணும்" என்றான். அடடா! வருவேன். எனக்கு முன்னால் என் தூதுவன் வருவான்.

மார்ச் 14, செவ்வாய்

பவளங்கள் இரண்டு நாளாக மலரவில்லை. மீன்கள் மூலையில் கூட்டமாக நிற்கின்றன, சாவு வீட்டில் பேச்சு வராதவர்கள் மாதிரி. மகாராணி பாதிதான் திறக்கிறாள். எல்லாம் குத்தன் போட்ட பயம். மச்சானின் கணக்கில் இதையும் ஏற்றுகிறேன்.

மார்ச் 16, வியாழன்

வெற்றி! கலிங்கத்தை வென்றவன்கூட இவ்வளவு நனைந்திருக்க மாட்டான்.

குத்தன் குடியிருந்த கல்லை அப்படியே தூக்கி வாளியில் வைத்து, ஓட்டைக்குள் சோடாவை ஊற்றினேன். நுரை அடங்குவதற்குள் வெளியே பாய்ந்தான். பச்சை, செம்பு, ஆரஞ்சு. கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைகள் எல்லாம் சேர்ந்து ஒரு விரலுக்குள் நுழைந்த மாதிரி. பிளாஸ்டிக் வாளியில் சிறை வைத்தேன்.

அவன் குடியிருந்தது போர்ட் டிக்சன் கல்லில். மச்சானின் கல்லிலிருந்து தப்பி வந்து அங்கே அடைக்கலம் புகுந்திருக்கிறான். எவ்வளவு தந்திரம்!

மார்ச் 18, சனி

கைதிக்கு மூன்று வேளை சாப்பாடு. மங்களம் பொரிப்பதற்கு வைத்திருந்த இறால்களில் பெரியது அவனுக்கு. "எனக்கு ஒரு நாளாவது பெரிசா எடுத்து வச்சிருக்கீங்களா?" என்கிறாள்.

மார்ச் 20, திங்கள்

இந்த நாளைத் தேசிய விடுமுறை ஆக்கலாம்.

மதியம் ஒன்றுக்கு, தேநீர் பிளாஸ்கில் குத்தனைச் சுமந்து கிளினிக்குக்குள் நுழைந்தேன். வரவேற்பில் இருக்கும் லோகா சாப்பிடப் போகிற நேரம். ஆனால் மச்சான் எதிரே வந்துவிட்டான். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் விளக்கு.

"வாங்க அத்தான்! பிளாஸ்க்ல என்ன, தே தாரிக் டீயா? தொண்டை காஞ்சு கெடக்கு, ஒரு கப்பு ஊத்துங்க."

"சுக்குக் காப்பி. ஆறிப்போச்சு."

"ஆறுனா என்ன?" கையை நீட்டிவிட்டான். பிளாஸ்குக்குள் 'டக்.'

"என்ன சத்தம்?"

"என் முழங்கால்."

கால்வலிக்கு ஏதோ மாத்திரை தருகிறேன் என்று உள்ளே போனான். மூன்றே விநாடி. மூடியைத் திறந்தேன், கவிழ்த்தேன். குத்தன் எட்டடியின் பவளப்பாறைகளுக்கு நடுவே மெல்ல இறங்கி, ஒரு பொந்தைப் பார்த்து, வாடகை பேசாமல் குடிபுகுந்தான்.

மச்சான் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல மாத்திரை. முழங்கால் உண்மையிலேயே தேவலை.

மார்ச் 22, புதன்

மகாராணி வாயைப் பிளந்துவிட்டாள்.

கையை நிழலாடக் காட்டினேன். மூடவில்லை. பதினோரு வருஷமாக என் நிழல் பட்டால் மூடுவாள். விளிம்பின் நீலம் சுருங்கி, உள்ளே வெளுப்பு தெரிந்தது. ஏழு மீன்கள் மிதந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மங்களம் என்னைக் கேட்காமலே தம்பிக்குப் போன் போட்டாள். இருபது நிமிடத்தில் வந்தான், கையுறையைக்கூடக் கழற்றாமல். கூடவே கவின். நாற்காலியில் ஒருவரை வாயைத் திறந்தபடி உட்கார வைத்துவிட்டு வந்தானாம்.

கவின் ஒரு சொட்டு எடுத்து உப்புமானியில் வைத்துப் பார்த்தாள். மறுபடி துடைத்துப் பார்த்தாள்.

"உப்பு நாப்பத்தாறு மாமா. முப்பத்தஞ்சு இருக்கணும். எந்த டிரம்லேருந்து ஊத்துறீங்க?"

"சுவரோர டிரம்."

அந்த டிரம்முக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். விரலை மறுபடி முக்கி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

மச்சான் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான். மிச்சமிருந்த நாலு மீனையும் வாளிகளில் எடுத்தான். மகாராணியைக் குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினான். "என்கிட்ட கொண்டு போறேன் அத்தான். தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கி, சாயங்காலம் பெரிய தொட்டியில வச்சிர்றேன்."

"ரெண்டு வாரம் தனியா வச்சுப் பாக்காம நீ ஒரு நத்தையைக்கூட உள்ள விடமாட்டியே?"

"தனித் தொட்டியில வெளிச்சம் பத்தாது, செத்துரும். என் எட்டடியில ஒரு தொந்தரவும் இல்ல அத்தான். அங்கதான் பத்திரம்."

கார்க்கதவைத் திறந்து பிடித்தவன் நான்தான். 'அங்கே குத்தன் இருக்கிறான்' என்ற மூன்று சொல் அகப்படவில்லை. என்னைப் போன்ற பேச்சாளனுக்கு!

மார்ச் 23, வியாழன்

கடைவாய்ப் பல்லில் கடும் வலி என்று கிளினிக்குக்குப் போனேன். பத்திலிருந்து ஒன்றுவரை முன்கூடத்தில் உட்கார்ந்து எட்டடிக்குக் காவல். மகாராணி இடது மூலையில் இருக்கிறாள், கால்வாசி திறந்து. குத்தனின் பொந்து அவளிடமிருந்து இரண்டு முழம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை 'டக்.'

"அங்கிள், பம்பு சத்தமாம், டாக்டர் சொன்னாரு" என்றாள் லோகா.

மச்சான் என் பல்லைத் தட்டிப் பார்த்தான், படம் எடுத்தான். "நாளைக்கு வாங்க, பாப்போம்" என்றான்.

மார்ச் 24, வெள்ளி

மறுபடி பல்வலி. லோகா சாப்பிடப் போனதும் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுப் பொந்தைத் துழாவினேன். அகப்படவில்லை. அகப்பட்டது பொந்துக்கு வெளியே கிடந்த கோமாளி மீன், வயிறு கிழிந்து. ஆண். பெண் மீன் மட்டும் தான் குடியிருக்கும் கடற்சாமந்திப் பூவைச் சுற்றிச் சுற்றி வந்தது.

மச்சான் வந்து பார்த்தான். சின்ன வலையில் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். பல் பிடுங்க வந்த ஒரு சீனக் கிழவர் எழுந்து அவனுக்கு இடம் விட்டார்.

"கவின் பெரிய பள்ளிக்கூடத்துக்கு, ஃபார்ம் ஒன் போனப்ப வாங்குனது" என்றான், யாரிடமும் இல்லாமல்.

நான் நினைத்திருந்தது இதுதானே? இதைத்தானே விரும்பினேன்? போர் என்றால் இரு பக்கமும் சேதம் இருக்கத்தான் செய்யும் என்று இங்கே எழுதி வைக்கலாம். எழுதிவிட்டேன். ஆனால் மதியம் சோறு இறங்கவில்லை. பல்வலியாக இருக்கும்.

மார்ச் 25, சனி

மகாராணியின் ஓட்டில் இரண்டாவது சில்லு. முதலாவதைவிடப் பெரிது. அவளோ இன்னும் விருட்டென்று மூடுகிற பலம் இல்லாதவள்.

பல் பார்க்கும் நாற்காலியில் படுத்திருந்தேன். என் வாயில் அவனுடைய கண்ணாடி.

"பல்லுல ஒண்ணுமில்ல அத்தான்" என்றான் மெதுவாக. "முதநாளே தெரியும். எதுக்கு வர்றீங்க? சிப்பிய நான் பாத்துக்க மாட்டேன்னு நெனைக்கிறீங்களா?"

வெளியே 'டக்.'

கண்ணாடியைக் கையால் தள்ளிவிட்டுச் சொன்னேன். "அது பம்பு இல்ல. இறாலு. நாந்தான் விட்டேன். திங்கக்கிழம. பிளாஸ்க்ல இருந்தது சுக்குக் காப்பி இல்ல."

நெற்றி விளக்கு என் கண்ணில் நேராக அடித்தது. அவன் முகம் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

"ஏன்?"

"நீ கொடுத்த கல்லுலேருந்து வந்துச்சுன்னு…"

"மூணு மாசம் வெயில்ல கெடந்த கல்லு. சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"கடல்லேருந்து" என்றேன். பொய்யில்லை.

கையுறையைக் கழற்றினான். ஒவ்வொரு விரலாக. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்துவதில் நான் தென்கிழக்காசிய சாம்பியன். அவன் கத்தவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு சங்கத்து ஆளுங்க வருவாங்க. அதுக்குள்ள அது வெளிய இருக்கணும். நீங்கதான் பிடிக்கணும். நான் ஒரு விரலு நனைக்க மாட்டேன்."

"சரி."

"சிப்பி இங்கதான் இருக்கும். பக்கத்துல வைக்கிற அட்டையில என் பேரு."

"எத்தன நாளைக்கு?"

"கோமாளி திரும்பி வர்ற வரைக்கும்."

பன்னிரண்டிலிருந்து ஐந்தே முக்கால் வரை பிடித்தேன். ஒரு முக்காலியில் ஏறி, சட்டையைக் கழற்றி, பனியனோடு, கன்னத்தைப் பொத்தியபடி பல்வலிக்காரர்கள் பன்னிரண்டு பேர் பார்த்திருக்க. ஒரு சிறுமி தன் அம்மாவிடம், "இந்தத் தாத்தாவுக்கு ஏன் மீன் வேணும்?" என்று கேட்டாள். லோகா எனக்குக் குடை பிடிக்காத குறை. சோடா ஊற்ற முடியாது, தொட்டியே கெடும். கையால்தான். பொந்து குத்தன் பக்கம், வேகம் அவன் பக்கம், நியாயமும் அநேகமாக அவன் பக்கம். ஐந்தே முக்காலுக்கு என் கட்டைவிரலைப் பிளந்தான். பிளந்த அந்த விநாடியில் மற்ற நாலு விரலும் அவனை மூடிக்கொண்டன.

மச்சான் தையல் போட்டான். மூன்று.

"மரத்துப் போற ஊசி வச்சிருப்பியே?"

"அது பல்லுக்கு" என்றான்.

மார்ச் 26, ஞாயிறு

மங்களம் வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். போகாமல் இருந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "போய் நில்லுங்க" என்றாள். அவ்வளவுதான்.

நாற்பது பேர் இருக்கும். எட்டடி பளபளத்தது. இடது மூலையில், வெளிச்சத்துக்கு நேர் கீழே, மகாராணி முக்கால்வாசி திறந்திருந்தாள். நீலம் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு சில்லும் தெரிந்தன. தெரிந்தால்தான் என்ன, யாரும் எட்டடியில் வேறு எதையும் பார்க்கவில்லை. நான் கையை உயர்த்திக் கண்ணாடி மேல் நிழல் விழக் காட்டினேன். மெல்ல, சோம்பலாக, மூடினாள். பிறகு திறந்தாள்.

பக்கத்தில் அட்டை. ராட்சதச் சிப்பி, பதினோரு வயது. கீழே மச்சானின் பெயர், கொட்டை எழுத்தில். கவின் கையெழுத்து. அவள் அந்தப் பக்கம் நின்று, என்னைப் பார்க்காமல் பழரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சங்கத்துப் பொருளாளர் லிம், போன வருஷம் எனக்குக் கோப்பையை எடுத்துக் கொடுத்தவர், குனிந்து கண்ணாடியை ஒட்டினாற்போல் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். என் கட்டைவிரலில் இருந்த கட்டுத்துணியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு மலாயில் என்னிடம் கேட்டார், இது உங்கள் வீட்டுச் சிப்பி மாதிரியே இருக்கிறதே, யாருடையது?

பதினோரு வருஷக் கதை என் நாக்கு நுனியில் நின்றது. கட்டைவிரல் நீளத்திலிருந்து தொடங்கி, மயில், தோகை, முதல் பரிசு, எல்லாம். மச்சான் இரண்டடி தள்ளித்தான் இருந்தான். யாரோடோ பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

"மச்சானோடது" என்றேன்.

லிம் தலையாட்டிவிட்டு அவன் கையைக் குலுக்கப் போனார். மச்சான் குலுக்கினான். திருத்தவில்லை.

நானாக இருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன்.